எதிர்வீட்டு மருமகன்

அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. முகத்துக்கு நேரே 'தம்பி'. கதவைச் சாத்திய பிறகு 'மருமகன்'. அந்தப் பட்டத்தை வைத்தது நான்தான். என் கணவருக்கு அது பிடிக்காது. "வாயில்லாத மனிசன். அந்த ஆளப் போய் நக்கலடிக்கிறியே" என்பார். வாயுள்ளவரை நக்கலடித்தால் திருப்பித் தந்துவிடுவாரே என்று நான் சொல்வேன்.

ஓமானில் சலாலா என்ற ஊரில் என் கணவருக்கு ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை. இலங்கையின் கிழக்குக் கரையில் சாய்ந்தமருதிலிருந்து, வயிற்றில் சின்னவனோடு, நானும் மூத்த பிள்ளையும் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சலாலாவைப் பார்த்தவர்கள் அது நம்முடைய ஊர் மாதிரியே என்று சொல்வார்கள். உண்மைதான். கடல் இருக்கிறது, தென்னை இருக்கிறது, தெருவோரத்தில் வாழைக்குலை தொங்குகிறது, இளநீர் வெட்டித் தருகிறார்கள். இவ்வளவும் இருந்தும் தெரிந்த முகம் ஒன்று இல்லாதபோது அந்தத் தென்னைகளைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக வரும். வெறும் மணலாகக் கிடந்திருந்தால் மனம் இவ்வளவு ஏமாந்திருக்காது. கடைக்காரர்கள் மலையாளம் பேசினார்கள், மற்றவர்கள் அரபு பேசினார்கள். என் வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் 'பிறகு' என்பதற்கு எங்கள் ஊர் வழக்கில் 'மறுகா' என்று ஒரு சொல் சொல்லி ஒரு வருடமாக நான் கேட்கவில்லை.

மூன்றாம் மாடியில் எங்கள் கதவுக்கு எதிரே இருந்த வீடு வெகுநாள் பூட்டிக் கிடந்தது. ஒருநாள் என் கணவர் வந்து, அதில் நம்முடைய பக்கத்து ஆள் ஒருவர் குடிவரப் போகிறார், பிறந்தது சம்மாந்துறை, கலியாணம் முடித்தது மருதமுனை, கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வை பார்க்கிறார், பெண்சாதியும் இரண்டு வயதுப் பெண்பிள்ளையும் வருகிறார்கள் என்றார். நான் அன்று எதிர்வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டினேன்.

அவர்கள் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலை பத்து மணி இருக்கும். லிப்ட் சத்தம் கேட்டது, பெட்டிகள் இழுபட்டன, பிறகு சத்தமே இல்லை. கால் மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தால் மூன்று பேரும் வெளியே நிற்கிறார்கள். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அவர் ஒரு பக்கம், அவள் மறு பக்கம், பிள்ளை நடுவில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"என்ன புள்ள, கதவு தெறந்துதானே இரிக்கி. ஏன் வெளிய நிக்கிறீங்க?" என்றேன்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் என் செருப்பைப் பார்த்தார். பெண்களோடு பேசும்போது அவர் அப்படித்தான், பார்வை தரையைவிட்டு எழும்பாது. "அவ போகட்டும் எண்டு நிக்கிறன் ராத்தா" என்று என்னை அக்கா முறை வைத்துச் சொன்னார். "அவரு கூட்டிப் போவாரெண்டு நான் நிக்கிறன்" என்றாள் அவள்.

எங்கள் பக்கத்து வழமை தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். கல்முனைக் கரையோரத்தில் பெண் புருசன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு அவளுடையது, அவளுடைய உம்மாவும் வாப்பாவும் கட்டிக் கொடுத்தது. அவர் சாகும்வரை அந்த வீட்டின் மருமகன். மரியாதைக்குக் குறைவிருக்காது. நல்ல மீன் துண்டு அவருக்குத்தான் வரும், வெந்நீர் வேண்டும் என்று நினைக்குமுன் வெந்நீர் வரும். அவர் கேட்கவேண்டியதில்லை. கேட்பதும் அழகில்லை. மாமி கதவுத் திரைக்குப் பின்னால் நின்று அவருடைய பீங்கானில் கறி எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பா. அந்த வளர்ப்பில் வந்த இரண்டு பேரை உம்மா இல்லாத, மாமி இல்லாத ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் யார் யாரை உள்ளே அழைப்பது?

"வாகா உள்ள. நீங்களும் வாங்க தம்பி" என்று நான்தான் அவர்களுடைய வீட்டுக்குள் அவர்களை அழைத்துப் போனேன். அன்றைக்கே பட்டமும் வைத்துவிட்டேன்.

எங்கள் ஆண்களில் பலர் இப்படித்தான் வளர்கிறார்கள். ஆனால் வெளியே போனால் கொஞ்சம் மாறிவிடுவார்கள். இவர் மாறவில்லை. தன் வீட்டுக்குள் போகும்போதும் வாசலில் நின்று ஸலாம் சொல்லி, உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். கதவுத் திறப்பு சட்டைப் பையில்தான் இருக்கும். அவள் குளித்துக்கொண்டிருந்தால் வெளியே நிற்பார்.

ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டோம். சோற்றை முதலில் கொண்டுபோய் வைத்தேன். கறி எடுக்கப் போன நேரம் சின்னவன் விழுந்து நெற்றியில் அடிபட்டுக்கொண்டான். என் கணவரும் எழும்பி ஓடிவந்தார். இரத்தத்தைத் துடைத்து, அழுகையை அடக்கி, கறிச் சட்டியோடு நான் போனபோது அவர் பீங்கானை வழித்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். வெறும் சோறு. அடுப்படி நாலு எட்டுத் தூரத்தில். மீன்கறி மணம் அவருடைய மூக்கில் ஏறியிருக்கும்.

"தம்பி, கறி?" என்றேன்.

"போதும் ராத்தா. வயிறு நெறஞ்சிட்டு. நல்ல சோறு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. நல்ல சோறாம்.

மீன் கதை அதைவிட மோசம். மருமகன் வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாது, மீன் வாங்கி வருவது அவருடைய கடமை. மருதமுனையில் அவருடைய மாமி வீட்டிலும் அடுத்த வளவில் இருந்த பெண்சாதியின் அக்கா, அவருக்கு மச்சி, வீட்டிலுமாகப் பத்துப் பதினொரு பேர். அந்தக் கணக்குக்கு வாங்கிப் பழகிய கை. சலாலாவில் இரண்டரைப் பேருக்கு முழுப் பாரை ஒன்றும் ஒரு பை கீரி மீனும் தூக்கிக்கொண்டு வருவார். அவளுக்கோ மீன் ஆயத் தெரியாது. அவளுடைய உம்மா அவளைக் கத்தி பிடிக்கவே விட்டதில்லை. பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்து நிற்பாள்.

"ராத்தா, இத என்ன செய்யுற?"

"வாங்கிவந்த மனிசனிட்ட கொஞ்சமா வாங்கச் சொல்லன்."

"அவரு கொண்டு வாறதப் போய் கூடிப்போச்செண்டு சொல்லுறதா?"

அவளுக்கு இருபத்தொரு வயது. மெலிந்த, நல்ல நிறமான பிள்ளை. உம்மாவோடு போனிலேயே குடித்தனம் நடத்தினாள். சோறு கொதிக்கும்போது போனைச் சட்டிக்குக் கிட்டப் பிடித்து, "உம்மா, சத்தம் கேக்குதா? வடிக்கட்டா?" என்று கேட்டதை என் கண்ணால் பார்த்தேன். கடல் தாண்டி அங்கிருந்து உம்மா, "இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும்" என்றா. அந்தச் சோறு சரியான பதத்தில் வெந்திருந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனி மாதத்தில் சலாலாவில் தூற்றல் தொடங்கும். மூன்று மாதம் மலையெல்லாம் மூடுபனி. மற்ற நாடுகளிலிருந்து அதைப் பார்க்கக் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு உடுப்புக் காயாது, பிள்ளைகளுக்கு இருமல். அவள் என்னோடு பால்கனியில் நின்றுகொண்டு, "எங்கட ஊர்ல மழையெண்டா ஒரு சத்தமிரிக்கும் ராத்தா. இது சத்தமில்லாம நனைக்கிது" என்றாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். எதற்கென்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் சண்டை நடந்ததே இல்லை. நடந்திருந்தால் நல்லது. அவர் அவளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று ஹோலில் இருந்த கதிரையின் நுனியில் உட்கார்ந்திருப்பார். அவள் அவருக்கு ஏதும் குறை வந்துவிடக் கூடாதென்று அறைக்குள் பயந்துகொண்டிருப்பாள். இரண்டு பேரும் விருந்தாளி. வீட்டுக்காரர் என்று அங்கே யாரும் இல்லை.

ஒருதடவை என் கணவர், லீவில் போய்ச் சம்மாந்துறையில் உம்மா வீட்டிலும் கொஞ்சநாள் நிற்கலாமே என்று அவரிடம் கேட்டாராம். அவர் என் கணவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார். சிரித்துவிட்டு, "பொறந்த ஊடு தங்கச்சிக்கிக் குடுத்தாச்சி நானா. அங்க இப்ப என்ட மச்சினன்தான் மருமகன். முடிச்ச ஊடு அவட. இது அரபிட. நமக்கு எங்க ஊடு?" என்றாராம். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதை வேறு யாரும் கேட்டதில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தது. அவள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "ராத்தா, இஞ்ச பெறவா, உம்மாட்ட போகவா?"

நான் யோசிக்கவில்லை. என் சின்னவன் பிறந்தது சலாலாவில்தான். பிரசவ அறையில் எனக்கு விளங்காத மொழியில் அதட்டினார்கள். வீட்டுக்கு வந்தால் வெந்நீர் வார்க்க ஆளில்லை, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்குக் கறி ஆக்கித் தர ஆளில்லை. ஏழாம் நாள் நானே எழும்பிச் சோறு ஆக்கினேன். அந்த ஆத்திரம் என் வயிற்றில் அப்படியே கிடந்தது. "ஊருக்குப் போ புள்ள. பெய்த்து உம்மாட கையால நாப்பதாம் நாளும் குளிச்சிட்டு வா" என்றேன்.

அன்று பின்னேரம் படிக்கட்டில் அவரைக் கண்டேன். மீன் பையோடு நின்றார். ஸலாம் சொன்னார். நான் பதில் சொன்னேன். அவர் போகவில்லை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"என்ன தம்பி?"

"இல்ல ராத்தா... அவ உங்களிட்ட வந்தாவா?"

"ஓம், வந்தா. ஊருக்குப் போறதுதான் நல்லமெண்டு சொன்னன்."

"ஆ. நல்லம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். "நல்லந்தான்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார். அவளை இருக்கச் சொல்லும்படி என்னிடம் கேட்கத்தான் அந்த மனிதர் படிக்கட்டில் காத்து நின்றிருக்கிறார் என்று எனக்கு வெகுநாள் கழித்தே விளங்கியது.

மூன்று மாதம் என்று போனாள். ஆண்பிள்ளை பிறந்தது. மூன்று மாதம் ஆறாகி, ஒரு வருடமும் ஆனது.

அவர் அந்த வீட்டில் தனியே இருந்தார். காஸ் சிலிண்டர் மாற்ற உதவிக்குப் போன என் கணவர் வந்து சொன்னார், ஆள் ஹோலில் பாய் விரித்துத்தான் படுக்கிறாராம். அறைக்குள் கட்டில் விரித்தபடி கிடக்கிறதாம். ஏன் என்று கேட்டதற்கு, "அது அவட அறதானே" என்றாராம். மீன் வாங்குவதையும் விடவில்லை. ஒரு துண்டைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியை என் கதவுப் பிடியில் கொழுவிவிட்டுப் போய்விடுவார். நன்றி சொல்லக்கூட ஆளைப் பிடிக்க முடியாது. அந்த வருடம் நான் ஆய்ந்த மீன் போல என் ஆயுளில் ஆய்ந்ததில்லை. முதலில் திட்டிக்கொண்டு ஆய்ந்தேன். பிறகு திட்ட மனம் வரவில்லை.

இடையில் லீவில் போனார். முப்பது நாள். தனியே திரும்பி வந்தார். அவளும் பிள்ளைகளும் எங்கே என்று கேட்டேன்.

"மாமிக்கு முழங்கால் வருத்தம் ராத்தா. மறுகா பாப்பம்."

அடுத்த விடுமுறைக்கு நாங்கள் ஊருக்குப் புறப்பட்டோம். பிள்ளைகளுக்கென்று ஒரு பொதி தந்தார். சட்டைகள், பால்மா, ஒரு சின்ன மூன்று சில்லுச் சைக்கிள் கழற்றிப் பெட்டியில் போட்டது. பொதியை என் கணவரிடம் கொடுத்துவிட்டு நின்றார். ஏதாவது சொல்லச் சொல்வார் என்று நாங்களும் நின்றோம். "பாரமில்லத்தானே?" என்று மட்டும் கேட்டார்.

மருதமுனையில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவளைக் கண்டு எனக்கு ஆளே தெரியவில்லை. சதை பிடித்து, முகம் தெளிந்து, சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தாள். தன் கையால் மீன் ஆய்ந்து கறி ஆக்கித் தந்தாள். "உம்மாக்கு நிக்க ஏலா, நான்தான் எல்லாம்" என்றாள். அவளுடைய சின்னவன் சைக்கிளைப் பொருத்தும்வரை பொறுக்காமல் கத்தினான். எனக்கு உள்ளூர ஒரு கோபம். இங்கே இவள் இப்படி நிறைந்திருக்க, அங்கே அந்த மனிதர் ஒரு துண்டு மீனோடு.

கேட்டுவிட்டேன். "ஏன்கா, அவரிட்டப் போற எண்ணமில்லியா?"

அவள் உம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அவரு லீவுல வரக்குள்ள நான் உடுப்பெல்லாம் மடிச்சிப் பெட்டில வெச்சிருந்தன் ராத்தா. புள்ளைகள்ர பாஸ்போட்டும் எடுத்து வெச்சிருந்தன். முப்பது நாளும் இருந்தாரு. போகக்குள்ள 'பெய்த்து வாறன்' எண்டாரு. 'நீயும் வா' எண்டு ஒரு சொல்லுச் சொல்லல்ல."

"நீயே வாறன் எண்டு சொல்லியிரிக்கலாமே."

"கூப்புடாத எடத்துக்கு எப்பிடி ராத்தா போற? அங்க இருக்கக்குள்ள என்னால அவருக்குக் கரைச்சல்தான். ஒண்டும் தெரியாம இருந்தன். இப்ப ஆறுதலா இரிக்காரோ என்னமோ." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவரு ஒருக்காக் கூப்புடட்டும். நாளைக்கே போவன். உம்மாவ அடுத்த வளவுல இரிக்கிற எங்கட ராத்தா பாத்துக்குவா."

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகவா இவ்வளவும்? மிச்ச விடுமுறை முழுக்க அதை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பிப்போன அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தவரை என் கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் மறித்தேன். சுற்றிவளைக்கவில்லை. "தம்பி, அவ நீங்க கூப்புடுவீங்க எண்டு காத்திரிக்கா. ஒரு சொல்லுச் சொல்லுங்க, வந்துருவா. அவட வாயாலயே சொன்னா."

அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஒரு கணம்தான். மறுபடி தரையைப் பார்த்தார். "உம்மாட ஊட்டுல இரிக்கிற புள்ளய வா எண்டு நாம எப்பிடி ராத்தா கேக்குற? மாமி என்ன நெனைப்பாவு?"

"மாமி ஒண்டும் நெனைக்கமாட்டா. இப்பவே போன் எடுங்க."

"ஓம் ராத்தா. எடுக்கிறன்" என்று உள்ளே போனார்.

நான் பால்கனிக்குப் போனேன். உடுப்பு எடுக்கத்தான் போனேன் என்று சொன்னால் பொய். இரண்டு பால்கனியும் தெருப்பக்கம். காய்ந்த படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றால் ஆளைத் தெரியாது, பேச்சுக் கேட்கும். அவர் போனோடு வெளியே வந்தார்.

"ஸலாம். ஓம், நான்தான். சாப்பிட்டாச்சா? புள்ளைகள்? சைக்கிள் ஓடுறானா? ஆ. மாமிட கால் எப்பிடி? மருந்து பூசுறாவா? ஓம், ராத்தாவங்க வந்துட்டாங்க. ஓம், தந்தாங்க."

பால்கனிக் கம்பியை விரலால் தட்டும் சத்தம் கேட்டது. கீழே ஒரு வாகனம் போனது.

"இல்ல, சும்மாதான் எடுத்த. ஒண்டுமில்ல. நீ ஏதும் சொல்லப்போறியா? இல்லியா. சரி. இல்ல, நானும் ஒண்டுமில்ல. வைக்கட்டா?"

வைத்துவிட்டார். நான் விரிப்பைப் பிடித்தபடி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் மணி அடித்தது. நானே திறந்தேன். முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சொல்லிட்டன் ராத்தா" என்றார். "சந்தோசப்பட்டா. நோம்புக்குப் புறகு பாப்பம் எண்டா. உங்களுக்குத்தான் பெரிய உவகாரம்."

என்னை ஏமாற்ற அவர் அதைச் சொல்லவில்லை. நான் சொல்லி அவர் செய்யாமல் விட்டது என் மனதை நோகடித்துவிடும் என்று நினைத்துத்தான் சொன்னார். வெறும் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வயிறு நிறைந்தது என்று சொன்ன அதே மரியாதை. ஒட்டுக்கேட்டதைச் சொல்லி அவருடைய பொய்யை உடைத்தால்தான் அவரை மறுபடி போன் எடுக்கச் சொல்ல முடியும். வாய்க்காரி என்று ஊரெல்லாம் பேரெடுத்த எனக்கு அன்று வாய் வரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ். நல்ல செய்தி தம்பி" என்றேன்.

அவளுக்கு நானே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவளுடைய நம்பர் என்னிடம் இருந்தது. நானாகச் சொன்னால் 'அவரு சொல்லல்லியே, நீங்கதானே சொல்லுறீங்க' என்பாள் என்று நினைத்தேன். அவரைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தேன். நோன்பும் வந்து போனது. அவர் மீன் பையைக் கதவில் கொழுவுவதை நிறுத்தவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருடம் என் கணவர் வேலையை முடித்துக்கொள்ள, நாங்கள் ஊரோடு வந்துவிட்டோம்.

அவர் இன்னும் அங்கேதானாம், அதே வீட்டில், தனியே. என் உம்மாவின் தங்கச்சி மட்டக்களப்பில் இருக்கிறா, மாதத்தில் ஒருதடவையாவது பார்க்கப் போவேன். பஸ் மருதமுனைக்குள்ளால்தான் போகும், அவளுடைய வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பில் நிற்கவும் செய்யும். நான் ஒருநாளும் இறங்கவில்லை.